விஜிலாவின் தொண்டை

திரேஸ்புரம் கடற்கரையில் விஜிலா வீடு எது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றால் போதும். எந்தப் பக்கமிருந்து சத்தம் வருகிறதோ அந்தப் பக்கம் நடந்து போனால் அவள் வீடு. அப்பேர்ப்பட்ட தொண்டை. வள்ளத்தில் வந்த மீனை மணலில் தட்டி அவள் ஏலம் கூற ஆரம்பித்தால், இன்னும் கரை சேராத வள்ளக்காரன்கூட அன்றைய விலையைத் தெரிந்துகொண்டுதான் இறங்குவான். ஏலம் கூறுவது இங்கே ஆம்பிளைகள் வேலை. ஒருநாள் ஏலக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மீன் வாங்கக் கூடையோடு நின்ற விஜிலா, “தள்ளும் அண்ணாச்சி, நான் கூறுதேன்” என்று முன்னால் வந்தாள். வந்தவள் வந்தவள்தான். தொண்டை சரியாகி அந்த மனுசன் திரும்பி வந்தபோது அவருக்கு அங்கே இடமில்லை.

பொம்பிளைக்கு இத்தனை சத்தம் ஆகாது என்று மூக்கைச் சுளித்தவர்கள் உண்டு. சுளித்துவிட்டுப் போகட்டும். அந்தச் சத்தம் எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

அவளுடைய அப்பா மனுவேல் சங்கு குளித்தவர். இளவயசில் ஒரு தடவை கூடுதல் ஆழம் போய் மேலே ஏறுகையில் இரண்டு காதிலும் ரத்தம். இடது காது அன்றோடு போனது. வலது காதில் பெரிய சத்தம் மட்டும் நுழைகிற ஒரு ஓட்டை மிச்சம், அவ்வளவுதான். அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் அவரும் பிள்ளையும் மட்டும். “அப்பா, சோறு வெந்துட்டு” என்று சொல்வதென்றால்கூடத் தெருவே இலை போட்டு உட்காருகிற மாதிரிக் கத்த வேண்டும். ஆறு வயதில் கத்த ஆரம்பித்த பிள்ளைக்கு வேறு எப்படித் தொண்டை அமையும்?

மனுவேலும் லேசுப்பட்ட ஆள் இல்லை. காது போனால் என்ன, கண் இருக்கிறதே என்று எதிராளியின் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார். அதிலும் அவரை வைகிற பேச்சென்றால் அரை மைல் தூரத்திலேயே பிடித்துவிடுவார். வயசாகிக் கண்ணில் புரை விழுந்த பிறகு தூரத்து வாய் தெரியவில்லை. கிட்டத்தில் வந்து பேசினால் போதும். புரியாத இடத்தை விஜிலாவின் தொண்டை நிரப்பிவிடும். அப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

கொரோனாவின் இரண்டாவது அலை வந்த அந்த மே மாதம் அதையும் நிறுத்தியது. மாதா வணக்க மாதம், ஆனால் கோயில் பூட்டிக் கிடந்தது. மனுவேலுக்குக் காய்ச்சல் வந்தது, பிறகு இருமல், பிறகு வாசற்படி ஏறினாலே இரைப்பு. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை வெள்ளையாக மூடியிருந்தார்கள். சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா, இதயத்துக்கு மாத்திரை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். விஜிலாவும் அவள் புருசன் ஜெஸ்டினும் ஒன்று விடாமல் பதில் சொன்னார்கள். காதை மட்டும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, தோன்றவில்லை. சங்குகுளிக்காரர் தெருவில் கிழவர் என்றால் காது கேட்காது. நரைத்த முடியை யாராவது வியாதி என்று டாக்டரிடம் சொல்வார்களா? அது மாதிரித்தான்.

ஜெஸ்டின் மீன் ஏற்றுகிற குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டார்கள். “கூட யாரும் வரக் கூடாது. போன்ல சொல்லுவோம்.” விஜிலா கெஞ்சினாள், சண்டை போட்டாள், மறுபடியும் கெஞ்சினாள். பரிசோதனையில் அவளுக்கு ஒன்றுமில்லை என்று வந்த சீட்டைக் காட்டினாள். அப்படியென்றால் கட்டாயம் உள்ளே விட மாட்டோம் என்றார்கள். என்ன நியாயமோ! நியாயம்தான் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் வாசலைவிட்டு நகரவில்லை.

போன் வந்தது. “அப்படியேதான் இருக்காரு” என்று ஒரு நாள். “கொஞ்சம் சிரமம்தான்” என்று ஒரு நாள். ஒரு தடவை யாரோ நல்ல மனசுக்காரர் வீடியோவில் காட்டினார். அப்பாவின் முகத்தில் பாதியை மாஸ்க் மூடியிருந்தது. “அப்பா! இங்கன பாருங்க!” என்று இவள் கத்த, உள்ளங்கை அகலச் செல்போனில் புரை விழுந்த கண்ணுக்கு என்ன தெரியும், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விஜிலா அன்றைக்குச் சோற்றில் கை வைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசல் பக்கம் நின்றவளிடம் ஒரு பெண் வந்தாள். வேலை முடித்து உடுப்பு மாற்றியிருந்தாலும் மாஸ்க் அழுத்திய தடம் கன்னத்தில் பள்ளமாகக் கிடந்தது. செல்வலட்சுமி, ஏரல்காரி, அந்த வார்டு நர்ஸ்.

“மனுவேல் தாத்தா மக நீங்கதானா? ஏன்க்கா, வீட்டுல எதும் சண்டையா?”

“சண்டையா? எதுக்குக் கேக்கீங்க சிஸ்டர்?”

“யாரு என்ன சொன்னாலும் முழிச்சு முழிச்சுப் பாக்காவ, பதில் இல்ல. ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடுதாவ. கஞ்சியக் கொண்டுபோனா வாய இறுக்கிக்கிடுதாவ. சுவத்தப் பாத்தே படுத்திருக்காவ. மனசு வெறுத்துட்டுன்னு டாக்டர் நினைக்காரு.”

விஜிலா நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அடப் பாவி நானு! அவுகளுக்குக் காது கேக்காது சிஸ்டர்! வாயப் பாத்தாத்தான் பேச்சு புரியும்!”

செல்வலட்சுமி தன் கன்னத்துத் தடத்தைத் தடவினாள். “அக்கா, உள்ள எங்க யாருக்கும் வாயே கிடையாதே” என்றாள்.

எழுதிக் காட்டலாமா என்று கேட்டாள். கையெழுத்துப் போடுவதோடு மனுவேலின் படிப்பு முடிந்தது. செல்வலட்சுமி தலையைக் குனிந்துகொண்டு, சொல்ல வந்ததையும் சொல்லிவிட்டாள். ஆக்சிஜன் ஏற மாட்டேன் என்கிறது, வீட்டில் மனசைத் தேற்றிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

 விஜிலா மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டாள். அப்பா சாகப்போகிறார் என்பது ஒரு பக்கம். பேயா மனுசனா என்று தெரியாத வெள்ளை உருவங்களுக்கு நடுவே, எங்கே கிடக்கிறோம், மகள் ஏன் வரவில்லை என்று ஒன்றும் விளங்காமல் சாகப்போகிறாரே, அதுதான் நெஞ்சை அறுத்தது. பெற்ற மகள் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேதான் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். அவளுக்குச் சந்தேகமே இல்லை.

கடலோரத்தில் ஒரு வழக்கம் உண்டு. உசிர் பிரிகிற நேரத்தில் பெற்ற பிள்ளை காதோரம் வாயை வைத்து ‘சேசு மரி சூசை’ என்று திருக்குடும்பத்தின் மூன்று பெயரையும் சொல்ல வேண்டும். குறைந்தது மூன்று தரமாவது சொல்ல வேண்டும். அந்தச் சத்தத்தைக் கயிறாகப் பிடித்துக்கொண்டுதான் போகிறவர் அக்கரை சேர வேண்டும். பங்குச் சாமியாரே உள்ளே போக முடியாத காலத்தில் அவளுக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

அதை விஜிலா சொல்லக் கேட்டதும், “நான் சொல்லுதேன்க்கா” என்றாள் செல்வலட்சுமி. “எங்க மாரியம்மா ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டா. ஆனா ரெண்டு மாஸ்க்கு, அதுக்கு மேல கண்ணாடித் தாளு. நான் எம்புட்டுக் கத்தினாலும் அவுகளுக்குக் கேக்கணுமே?”

விஜிலா கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தாள். “அவுக கட்டில் எந்தப் பக்கம்?”

“பின்பக்கம். ரெண்டாவது மாடி. ரோட்டைப் பாத்த ஜன்னல்தான்.”

“நாளைக்குக் காலையில நீங்க டூட்டிக்குப் போனதும் அந்த ஜன்னலைத் தொறந்து வையுங்க சிஸ்டர். மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

ஜெஸ்டினுக்கு இதில் சம்மதமில்லை. “ஏளா, அது காதுல மெதுவாச் சொல்லுத ஜெபம். அதப் போயி ரோட்டுல நின்னு கத்துவாவளா? உள்ள படுத்திருக்க மத்த சீக்காளி எல்லாம் பயந்துருவாவ.”

“அப்ப என்னைய உள்ள விடச் சொல்லு” என்றாள் அவள்.  காலையில் ஜெஸ்டின் வண்டியை எடுத்தான்.

ஏலத்துக்கு அவள் போகாத முதல் நாள் அது. ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து ரோட்டில் அந்த நேரத்திலேயே ஆள்கள் நின்றார்கள். கையில் பிளாஸ்க், தூக்குவாளி, யாரோ ஒருவர் கையில் தலையணை. எல்லோரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெஸ்டின் குட்டியானையை மதிலை ஒட்டி நிறுத்தினான். விஜிலா பின்னால் ஏறி மீன் பெட்டிமேல் நின்றாள். லத்தியோடு நின்ற போலீஸ்காரர் வேகமாக வந்தார்.

“ஏம்மா, ஊரடங்குன்னு தெரியாதா உனக்கு?”

“ஊரைத்தானேய்யா அடக்குனிய, என் தொண்டையவுமா? எங்கப்பா உள்ள சாகக் கெடக்காவ. நாலே வார்த்தை சொல்லிட்டுப் போயிருதேன். பொறவு எங்க கூப்பிட்டாலும் வாரேன்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, ஏதோ அவசர வேலை இருக்கிற மாதிரி ரோட்டின் அந்த முனைக்கு நடந்துபோனார். மனுசர்தானே அவரும்.

மேலே ஒரு ஜன்னல் திறந்தது. வெள்ளை உருவம் ஒன்று கையை ஆட்டியது. விஜிலா முகத்தில் கட்டியிருந்த லேஞ்சித் துணியைக் கீழே இறக்கிவிட்டு மூச்சை இழுத்தாள்.

“அப்பாஆஆ!”

மதில்மேல் இருந்த காக்காய்கள் பறந்தன. எதிர்வீட்டு நாய் குரைத்தது. ரோட்டில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

“அப்பா! நான் விஜிலா! கீழதான் நிக்கேன்! உள்ள விட மாட்டேங்காவப்பா! நான் உங்கள விட்டுட்டுப் போகல!”

 எச்சிலை விழுங்கிவிட்டு நிமிர்ந்தாள்.

“சேசு... மரி... சூசை!”

ரோட்டில் நின்ற ஒரு அம்மா சிலுவை போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தாள். விஜிலா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“சேசு... மரி... சூசை!”

இரண்டு தரம் ஆயிற்று. மூன்றாவதுக்கு வாயைத் திறந்தாள். வரவில்லை.

எப்படி வரும்? எத்தனை வருசமாக அந்த வாய் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று சொல்லிவருகிறது. ரெண்டு தரம் சொல்கிற வரைக்கும் மீன் மணலில் கிடக்கிறது, யாருக்கும் சொந்தமில்லை. மூணு தரம் என்றால் போச்சு. கை மாறிவிட்டது. பிறகு அழுது புரண்டாலும் திரும்பக் கேட்க முடியாது. அப்பாவைக் கொடுத்தனுப்பத்தான் வந்திருந்தாள். நேற்று ராத்திரி முழுக்க மனசைக் கல்லாக்கிக்கொண்டு, ஒழுங்காக வழியனுப்பத்தான் வந்திருந்தாள். ஆனால் மூணாம் தரத்தை அந்தத் தொண்டை சொல்ல மாட்டேன் என்றுவிட்டது.

“முடிச்சிரு விஜிலா” என்றான் கீழே நின்ற ஜெஸ்டின். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

“முடிக்க மாட்டேன், போ! நான் குடுக்க மாட்டேன்!”

மேலே நடந்ததைச் செல்வலட்சுமி பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா என்ற முதல் சத்தத்திலேயே மனுவேல் கண்ணைத் திறந்து சுவரை விட்டுத் திரும்பினாராம். மகள் கீழே நிற்கிறாள் என்றதும் தலையைத் தூக்கப் பார்த்தாராம். முதல் ஜெபத்துக்கு முகம் கறுத்தது. காதில் சொல்கிற ஜெபம் எதற்கென்று அவருக்குத் தெரியாதா? இரண்டாவதுக்கு அசையாமல் கேட்டுக்கொண்டு கிடந்தார். மூன்றாவதற்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. கடற்கரையில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் ரெண்டாம் தரத்துக்கும் மூணாம் தரத்துக்கும் நடுவே என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மீன் வேண்டும் என்கிறவன் அப்போதுதான் கையைத் தூக்கி, இன்னும் ஒன்று கூட என்று ஒற்றை விரலைக் காட்டுவான். மனுவேல் ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டிய கையை மெல்லத் தூக்கினார். ஒரு விரலை நீட்டினார்.

செல்வலட்சுமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே கத்தினாள். “அக்கா! கையத் தூக்குதாவ!”

“எப்பிடி? எப்பிடித் தூக்குதாவ?”

“ஒத்த விரலு! ஒத்த விரல நீட்டுதாவ!”

விஜிலா பெட்டிமேல் குதித்தாள். “ஏலம் கேக்காவ! ஏ ஜெஸ்டினு, எங்கப்பா மேல கேக்காவடா! விட மாட்டேங்காவ!” புருசனை டா போட்டது அவளுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. ரோட்டில் நின்றவர்கள் பாவம், பொம்பிளைக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தார்கள்.

பிறகு கத்தினாள் பாருங்கள். அழுகையும் சிரிப்புமாக, மூச்சு விடாமல் கத்தினாள். “அப்பா! நீங்க ஆஸ்பத்திரியில கெடக்கீங்க! வெள்ளையா வாரவுக பேயில்ல, நர்ஸம்மாமாரு! மூஞ்சியில உள்ளதக் கழட்டாதீங்க, அதுலதான் உங்க மூச்சு இருக்கு! கஞ்சி தந்தா வாயத் தொறங்க! உப்பு இல்லைன்னாலும் குடிங்க! கேட்டுதா?”

கேட்டது. அந்த ஜன்னலுக்குள் கிடந்த அத்தனை பேருக்கும் கேட்டது. அன்று மத்தியானம் மனுவேல் கஞ்சி குடித்தார். மாஸ்க்கைத் தொடவில்லை. காதும் வாயும் இல்லாத இடத்தில் கிடந்து வெறுத்துப்போன மனுசனுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்ததே பாதி மருந்து. மீதியை ஆஸ்பத்திரி மருந்து பார்த்துக்கொண்டது. ஆக்சிஜன் உடனே ஏறிவிடவில்லை. ஆனால் அதற்குக் கீழே இறங்கவும் இல்லை.

மறுநாளும் விஜிலா வந்தாள். பெட்டியைவிட்டு இறங்குகையில், ஒட்டிய வயிறும் கலங்கிய கண்ணுமாக ஒரு பெண் வந்து நின்றாள். சந்தனச்செல்வி. தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊர். அவளுடைய அப்பா பொன்னுதுரை அதே வார்டில் இருந்தார்.

“அக்கா, எங்கப்பாவுக்குக் காது நல்லாக் கேக்கும். ஆனா என் சத்தம் மாடிக்கு ஏறாது. ஒரே ஒரு சங்கதி சொல்லுவியளா? செவலைப் பசு கண்ணு போட்டுட்டுன்னு சொல்லணும். கிடேரிக் கண்ணு.”

கடலில் உள்ளதைத் தவிர வேறு எதையும் விஜிலா ஜென்மத்தில் கூறியதில்லை. இருந்தாலும் மறுபடி ஏறினாள். “ஏ பொன்னுதுரை அண்ணாச்சீ! உங்க செவலை கண்ணு போட்டுட்டு! கிடேரி! நல்லாருக்கு! பால் குடிக்கி!”

அதற்குப் பிறகு வரிசை நின்றது. ஒருவருக்குப் பேத்தி பிறந்த செய்தி. ஒருவருக்குச் சாவி எங்கே வைத்தீர்கள் என்ற கேள்வி. கோவித்துக்கொண்டு பேசாமலிருந்த ஒரு மகன், மன்னிப்புக் கேட்கிறேன் என்று மட்டும் சொல்லச் சொல்லிவிட்டு மதில்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். விஜிலா எல்லாவற்றையும் கூறினாள். போலீஸ்காரர் ஆட்களைத் தள்ளித் தள்ளி நிற்கவைத்தார். ஏலம் முடிந்ததும் நேராக இங்கே வருவதே அவளுக்கு வாடிக்கையாகிவிட்டது.

கேட்டவர்கள் எல்லோரும் பிழைக்கவில்லை. அப்படிச் சொன்னால் பொய். பொன்னுதுரை அந்த வாரமே போய்விட்டார். காரியமெல்லாம் முடித்துச் சந்தனச்செல்வி அதே ரோட்டுக்கு மறுபடி வந்தாள். விஜிலாவைக் கண்டதும் கையைப் பிடிக்க வந்து, பிடிக்கக் கூடாதென்று நினைத்துப் பின்வாங்கி நின்றாள்.

“கண்ணு போட்டதக் கேட்டுச் சிரிச்சாவளாம்க்கா. நர்ஸக்கா சொன்னாவ. எனக்கு அது போதும்.”

அன்றைக்கு விஜிலா வண்டிக்குள் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தம் வராமல் அவள் அழுது ஜெஸ்டின் பார்த்ததே இல்லை.

மூச்சு சீராகி மனுவேல் வெளியே வருகிற நாளில் அந்தத் தொண்டை முழுசாகக் கட்டிக்கொண்டது. பேசினால் வெறும் காற்று. சக்கர நாற்காலியில் செல்வலட்சுமி அவரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பாதி ஆளாக இளைத்திருந்தார், சட்டை தோளில் நிற்கவில்லை. மகளைக் கண்டதும் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு வைய ஆரம்பித்தார்.

“ஏளா, நான் கஞ்சி குடிக்கலங்கத ஊரு பூராவும் கூறி வித்துட்டியே! இனி நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வெளிய போவேன்? என்ன, பேச மாட்டேங்க? வாயில என்ன கொழுக்கட்டையா?”

வாசல்காரர் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். விஜிலா தள்ளி நிற்கவில்லை. இத்தனை நாளும் மதிலும் மாடியுமாகத் தள்ளி நின்றது போதும். குனிந்து அப்பாவின் கையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். குட்டியானையில் ஏற்றி உட்காரவைத்தபோதும் விடவில்லை. பாலத்தில் வண்டி தூக்கிப் போட்டபோதும் விடவில்லை. வீடு வந்து, கட்டிலில் படுக்கவைத்து, தலைமாட்டில் உட்கார்ந்தும் விடவில்லை.

“விடுளா, வேர்த்து ஊத்துது” என்று மனுவேல் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் விஜிலாவுக்குக் காது கேட்கவில்லை.